சனிக்கிழமை நகரும் அறை

2018 மே 5 — நீலத் திரைத் துணி, நான்கு மீட்டர் — ரூ. 440
2019 மார்ச் 2 — பெட்டிப் பலகை மேசை, பழைய சாமான் கடை — ரூ. 350
2021 ஜூலை 3 — பச்சைத் திரைத் துணி, நான்கு மீட்டர் — ரூ. 560
2021 டிசம்பர் 4 — சுவர் பெயின்ட், வெளிர் மஞ்சள் — ரூ. 1,180
2022 ஏப்ரல் 30 — சிவப்புத் திரைத் துணி, நான்கு மீட்டர் — ரூ. 620
2022 ஆகஸ்ட் 6 — சுவர் பெயின்ட், ஆரஞ்சு — ரூ. 1,460
2023 செப்டம்பர் 2 — மஞ்சள் தரைப் பட்டை, மூன்று சுருள் — ரூ. 540

இவ்வளவும் ஒரே அறைக்கு ஆன செலவு. அந்த அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் வாலாஜாபாத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அன்னபுஷ்பம் வாசலுக்கு வந்து, "ணா, அப்படியே..." என்று இழுப்பார். வாங்கி வந்ததை எழுதி வைப்பது என் வழக்கம்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை ஒட்டி எங்கள் தெரு இருக்கிறது. அன்னபுஷ்பத்தின் வீட்டில் முன்னறை பத்தடிக்குப் பதினான்கு. அதன் பின்னால் சமையலறை. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின், இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் சாய்த்து வைத்த ஆளுயரக் கண்ணாடி. வேறு ஒன்றும் கிடையாது. அந்தச் சாமான்களை வைத்துக்கொண்டே அவர் எத்தனையோ வீடுகளில் வாழ்ந்துவிட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்து, அப்பமும் கிண்ணத்தில் திராட்சரசமும் பகிரும் ஆராதனை. அதற்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுவருக்கு அப்பால் கட்டில் இழுபடும் ஓசை கேட்கும். கண் அயர்ந்திருக்கும் எனக்கு, ஏதோ ஒரு பெரிய கப்பல் மெதுவாகத் திரும்புவது போலிருக்கும். பிறகு பீரோ. பிறகு மெஷின். பிறகு ஒன்றும் கேட்காது. சாயங்காலம் அவர் கதவைத் திறந்து வைப்பார். உள்ளே எட்டிப் பார்த்தால் வேறு வீடு.

ஒரு மாதம் கட்டில் ஜன்னலுக்குக் கீழே வரும். "இந்த மாசம் மொதல்ல என் காலு முழிக்குது ணா, அப்புறந்தான் நானு" என்பார், வெயில் முதலில் காலில் விழுவதால். இன்னொரு மாதம் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே போகும். அப்போது அந்தி நேரத்தில் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் விளக்குகள் கண்ணாடியில் விழுந்து, அங்கிருந்து சுவருக்குத் தாவி, நீலத் திரையின் மடிப்புகளுக்குள் நுழைந்து மறையும். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டுக்குள் போனால் ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றும். மோர் கொண்டுவந்து கொடுத்தாலும் தண்ணீருக்குள் வைத்துக் குடிப்பது போல.

கணவர் சாம்சன் இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருந்தார். அவருக்குக் கட்டில் மாறினால் கனவு மாறும். "கெழக்குச் சொவத்துல படுத்தா எங்கப்பா வராரு ணா. சைக்கிள தள்ளிகினு, ஒண்ணும் பேசாம வராரு. மேற்கால போட்டா கம்பெனிதான். லைன் ஓடிகினே கீது, நான் நிறுத்தறேன், அது நிக்கவே மாட்டேங்குது."

"அப்ப கெழக்காலயே போட்டுடறதுதானே?" என்றேன்.

"எங்க விடறா? மாமனாரு வந்தது போதும், ஒரு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும்ன்றா."

அன்னபுஷ்பத்துக்கு இந்தப் பழக்கம் வந்த இடம் அவருடைய அப்பாவின் வேலை. வாலாஜாபாத்துக்குத் தெற்கே ஒரு சிறிய கோயிலைத் திறந்து, பெருக்கி, பூட்டுவது அவர் பொறுப்பு. வார நாட்களில் அதே கட்டடம் பள்ளிக்கூடம். சனிக்கிழமை மத்தியானம் கரும்பலகை பின்னறைக்குப் போகும். பெஞ்சுகள் எல்லாம் கிழக்குப் பார்த்துத் திரும்பும். ஜன்னல்களில் வெள்ளைத் துணி ஏறும். சுவரும் ஓடும் அப்படியே இருக்க, வாய்ப்பாடு ஒப்பித்த இடம் ஜெபம் பண்ணும் இடமாகிவிடும். பெஞ்சின் ஒரு முனையை அப்பா பிடிப்பார், மறு முனையை இவர். "பெஞ்ச திருப்பினா காத்தே வேற மாதிரி ஆயிடும் ணா" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் விளக்கம் சொன்னதில்லை.

மேசை வந்த கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு மெஷின்கள் கப்பலில் வரும் பைன் மரப் பெட்டிகளைப் பிரித்துப் பழைய சாமான் கடைகளில் விற்பார்கள். தெருவில் பாதி வீடுகளின் அலமாரியும் கோழிக்கூண்டும் அந்தப் பலகைதான். அன்னபுஷ்பம் வாங்கிய மேசையின் முன்பலகையில் கறுப்பு மையில் ஒரு கிண்ணம் அச்சடித்திருந்தது. நீண்ட காம்பு, அகன்ற வாய். அவர் அதைத் திருவிருந்துக் கிண்ணம் என்றே எடுத்துக்கொண்டு, மேசையைச் சிலுவைப் படத்துக்குக் கீழே வைத்து, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த சாம்சன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடியே, அது 'ஒடையற சாமான், பாத்துத் தூக்கு'ன்னு அர்த்தம். எங்க கம்பெனிக்கு வர்ற எல்லாப் பொட்டியிலயும் அதான் கீது."

"இருக்கட்டுமே. ஒடையற சாமானுக்கு எதுக்குக் கர்த்தரோட கிண்ணத்தப் போடறான்? அவனுக்கே தெரியாம போட்டுட்டான்."

மேசை அதே இடத்தில் இருந்தது, அடுத்த மாதச் சனிக்கிழமை வரை.

சாம்சனுக்கு வேறொரு பழக்கம். கம்பெனியில் எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு; அந்த இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கும். தள்ளுவண்டி கோட்டைத் தாண்டி ஒரு விரல் நின்றாலும் சூப்பர்வைசர் கேள்வி கேட்பார். சாம்சன் தன் லைனுக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், நைட் ஷிப்ட் முடிந்து பாதித் தூக்கத்தோடு வந்தவர், முந்தின நாள் வரை கட்டில் இருந்த இடத்தில் உட்காரப் போய்த் தரையில் விழுந்தார். அன்றே கடைக்குப் போய் மஞ்சள் பட்டை வாங்கிவந்து கட்டிலைச் சுற்றி ஒட்டினார். பீரோவைச் சுற்றியும் ஒட்டினார்.

"இன்னாத்துக்கு இந்தக் கோடு? இது வூடா, கம்பெனியா?"

"நைட்டு வேல செஞ்சிட்டு வரவனுக்குக் கட்டில் எங்க கீதுன்னு தெரிய வேணாவா?"

அடுத்த மாதம் அன்னபுஷ்பம் கட்டிலை நகர்த்தினார். சாம்சன் புதிய இடத்தில் பட்டை ஒட்டினார். பழையதை உரிக்கச் சோம்பல். இப்படியே மாதங்கள் போயின. சிவப்புச் சிமென்ட் தரை முழுக்க, ஒன்றின் மேல் ஒன்றாக மஞ்சள் கட்டங்கள். தெருமுனையில் இட்லி விற்கும் தாயாரம்மாள் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா அன்னம், இந்த வயசுல புருசன்கூட கட்டம் போட்டுப் பாண்டி ஆடறியா?" என்று கேட்டார். தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. அன்னபுஷ்பத்துக்கு அந்த மஞ்சளைக் கண்டாலே ஆகாது.

2021 நடுவில் அவர் திரைத் துணிக் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். "நீலம் வெளுத்துப் போச்சு ணா. ஏமாத்திட்டான்." எனக்கு நீலம் நீலமாகத்தான் தெரிந்தது. சொல்லவில்லை. பச்சை வாங்கிக் கொடுத்தேன். நாலே மாதத்தில் அதுவும் வெளுத்துவிட்டது என்றார். பிறகு சுவர் மங்கல் என்றார், மஞ்சள் அடித்தார்கள். திரை சிவப்பாயிற்று. கடைசியில் சுவருக்கு ஆரஞ்சு கேட்டார். பெயின்டர் ஜோயல் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே, "ஆன்ட்டி, இத அடிச்சா வூடு தண்ணி லாரி மாதிரி இருக்கும்" என்றார். "லாரியாவது கண்ணுக்குத் தெரியுதே, அடிப்பா" என்றார் அன்னபுஷ்பம். அடித்து முடித்து, கதவை விரியத் திறந்து வைத்து, நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். நான் வாசலில் இருந்தேன். அவர் முகத்தில் எதிர்பார்ப்பு இருந்து, மெல்ல அவிந்தது. "இதுவும் சாயந்திர நேரம் மாதிரியே கீதே ணா" என்றார். மணி காலை பதினொன்று.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சாம்சன் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சர்க்கரை விழித்திரையைத் தின்றிருந்தது. ஊசி போட்டார்கள்; மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்கள். பார்வைச் சோதனையின்போது அங்கிருந்த ஒரு பெண் பல நிறத் தாள்களைக் காட்டினாராம். மஞ்சள் தாளில் தடித்த கறுப்பு எழுத்தை மட்டும் அன்னபுஷ்பம் படித்தார்.

2022 டிசம்பர் 31 அன்று விழுந்தார். பெட்டிப் பலகை மேசையில் கால் தடுக்கி, வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஓசூரிலிருந்து மகள் ஷாலின் ஓடிவந்தாள். ஒரே நாளில் முடிவெடுத்தாள். எல்லாச் சாமானும் சுவரோரம். கண்ணாடி எடுக்கப்பட்டது. மேசை என் வீட்டுப் பின்புறத்துக்கு வந்தது. வழுக்காமல் இருக்கச் சாம்பல் நிற ரப்பர் விரிப்பு தரை முழுக்க. "இனிமே இந்த ரூம்ல ஒரு சாமானும் நகரக் கூடாதுப்பா. இன்னொரு வாட்டி அம்மா விழுந்தா, நான் ஓசூருக்குக் கூட்டினு போயிடுவேன். அங்க ரூம் ரெடியா கீது."

"என் மேலயும் அந்தக் கிண்ணத்த ஒட்டிட்டுப் போடி" என்றார் அன்னபுஷ்பம், கட்டுப்போட்ட கையோடு. யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு ஓசூர் மேல் கோபம் இல்லை. ஆனால் அங்கே போனால் அடுத்தவர் வைத்த சாமான்களுக்கு நடுவே, வைத்த இடத்தில் தானும் இருக்க வேண்டும். அந்தப் பயம்தான் அவரை வாட்டியது.

ஊருக்குப் போன ஷாலின் மாதம் ஒரு கடிதம் போட்டாள். போனில் வரும் எழுத்து அம்மாவின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மஞ்சள் தாளில், தடித்த கறுப்பு மையில், ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு சொல். 'எதையும் நகர்த்தாதே அம்மா.' 'சுவரைப் பிடித்து நட.' அன்னபுஷ்பம் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து எழுத்து எழுத்தாகப் படிப்பார். பிறகு மடித்துத் தலையணைக்குக் கீழே வைப்பார்.

அடுத்த ஆண்டு எட்டு மாதங்கள் சுவருக்கு அப்பால் சனிக்கிழமை மத்தியானங்களில் ஓசை இல்லை. எனக்கே தூக்கம் சரியாக வரவில்லை. அன்னபுஷ்பம் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் நகராத அறையில் அவர் அதிகமாக இடித்துக்கொண்டார். முழங்கையில் ஒரு நீலம், நெற்றியில் ஒரு வீக்கம். ஷாலினிடம் சொல்லவில்லை. சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு வாயால் அறையை நகர்த்துவார். "பீரோ தெக்கால போச்சு ணா. மெஷின் ஜன்னலாண்ட. செகப்புத் திரைய எடுத்துட்டேன், நீலம் போட்டுட்டேன். பழைய நீலம், வெளுக்காதது. கண்ணாடி எதிர்ல கீது. இப்ப லாரி போகுது பாருங்க." சாலையில் லாரி போகும் சத்தம் கேட்கும். நானும் சாம்பல் விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நொடி, சுவரில் வெளிச்சம் நீந்தியது போலவே இருக்கும்.

செப்டம்பர் 2, சனிக்கிழமை. சாப்பிட்டுப் படுத்தவன், சுவருக்கு அப்பால் ஏதோ கனமாக உருளும் ஓசை கேட்டு எழுந்து போனேன். அன்னபுஷ்பம் மண்டியிட்டு ரப்பர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விரிப்பு இருந்தால் கட்டில் நகராது. சமையலறையிலிருந்து சாம்சன் ஓடிவந்தார்.

"இன்னா பண்ற நீ? பொண்ணு கொன்னுடும் என்ன!"

அன்னபுஷ்பம் எழுந்தார். சுருட்டிய விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கதவு திறந்திருந்தது, பிற்பகல் வெயில் தரையில் விழுந்தது. சிவப்புத் தரையில் அத்தனை மஞ்சள் கட்டங்களும் கிடந்தன. ஜன்னலோரக் கட்டில், கிழக்குச் சுவர்க் கட்டில், மூலை பீரோ, நடு அறை மெஷின். ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றைத் தாண்டி ஒன்று.

"இது தெரியுது" என்றார்.

"எது?"

"கோடு. எல்லாம் தெரியுது." குனிந்து ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, அதைத் தொட்டபடியே நகர்ந்தார். "இது ஷாலின் கல்யாணத்து மாசம். பாருங்க, கட்டில் குறுக்கால போட்டோமே, வந்தவங்க படுக்கறதுக்கு. இது கொரோனா வந்தப்ப, நீங்க ஜன்னலாண்ட தனியா படுத்தீங்க. இது... உங்கப்பா சைக்கிள்ல வந்த மாசம்." அவர் குரல் தூக்கத்தில் பேசுகிறவர் குரல் போல இருந்தது. "ஒண்ணும் போவல. எல்லா மாசமும் இங்கயே கீது."

சாம்சன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ணா, கடை தெறந்திருக்குமா? பட்டை வோணும்" என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பழைய கட்டங்களில் அன்னபுஷ்பம் காட்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சாம்சன் உரித்துக்கொண்டிருந்தார். அவர் விடச் சொன்னது ஜன்னலுக்குக் கீழே இருந்த கட்டிலின் கட்டம். கட்டிலைத் தள்ளியது அன்னபுஷ்பம்தான், சாம்சன் கையை வைக்கப் போனபோது, "தொடாதீங்க. நான் தள்ளினாதான் என் இடுப்புக்கு ஞாபகம் இருக்கும். நீங்க வெச்சது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் தள்ளிய பின்னால் சாம்சன் தவழ்ந்துகொண்டே பட்டை ஒட்டினார். கட்டிலிலிருந்து சமையலறைக்கு ஒரு கோடு, வாசலுக்கு ஒரு கோடு. மேசை என் பின்புறத்திலிருந்து திரும்பிப் போனது. கிண்ணத்தின் காம்பின் மேலும் சாம்சன் ஒரு துண்டு மஞ்சள் ஒட்டினார். கண்ணாடி மறுபடி ஜன்னலுக்கு எதிரே வந்தது. அக்டோபரிலும் நவம்பரிலும் அறை அப்படியே நகர்ந்தது. ஷாலினுக்கு யாரும் சொல்லவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு அவள் சொல்லாமல் வந்தாள். நவம்பர் 11, விளக்கு ஏற்றும் நேரம். வெளியிலிருந்து வேகமாக நுழைந்தவள், சுவரோரம் இருக்கும் கட்டிலில் பையை வைக்கப் போய்த் தையல் மெஷினில் முழங்காலை இடித்துக்கொண்டு, "அம்மா!" என்று அலறினாள்.

சமையலறையிலிருந்து அன்னபுஷ்பம் கையில் தண்ணீர் டம்ளரோடு கோட்டின் மேல் நடந்து வந்தார். மெஷினைச் சுற்றி, நாற்காலியைத் தாண்டி, மகளுக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"யாரது, என் வூட்ல வந்து இடிச்சிக்கறது? ஓசூர்ல கண்ணு டாக்டர் இல்லியாடி?"

"வெளையாடறியாம்மா? நகர்த்தாதேன்னு எத்தினி வாட்டி எழுதினேன்! கை ஒடஞ்சது மறந்துடுச்சா? நாளைக்கே கிளம்பு. ட்ரெஸ் எடுத்து வை."

அன்னபுஷ்பம் டம்ளரை மகளிடம் நீட்டினார். சாம்சன்தான் பேசினார், வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு மேசைய நகத்தினது உங்கம்மா இல்ல ஷாலினு. நானு. புது வருச ஆராதனைக்குப் போறதுக்கு முன்ன ஆளுங்க வருவாங்களேன்னு, எடம் பண்ணலாம்னு தள்ளி வெச்சேன். அவகிட்ட சொல்லல. நீ வந்து கத்தினப்ப வாய தொறக்கல. அவ நகத்தினதுல அவ ஒரு நாளும் விழல."

ஷாலின் அப்பாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு லாரி வெளிச்சம் ஏறி, ஆரஞ்சுச் சுவரில் நீந்தி, திரைக்குள் போய் மறைந்தது. அதை அன்னபுஷ்பமும் பார்த்திருக்க வேண்டும், மஞ்சள் வெளிச்சம்தானே. அவர் முகம் அது போன திசையில் திரும்பியது.

ஷாலின் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சாப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது வாசற்படி வரை கோட்டின் மேலேயே நடந்து போனாள். "நான் எழுதறேன்" என்றாள், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கடிதம் வரவில்லை. அன்னபுஷ்பம் தபால்காரரின் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தார். 'ரூம் ரெடி' என்று வருமோ என்று பயம். அடுத்த முதல் சனிக்கிழமை மத்தியானம், கட்டிலைப் பாதி தூரம் தள்ளியிருந்தபோது தபால் வந்தது. மஞ்சள் தாள். பாதி நகர்ந்த கட்டிலில் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். படித்து முடித்துச் சாம்சனிடம் நீட்டினார். அதில் நாலு சொல்தான்: 'கட்டில் இப்ப எங்கம்மா இருக்கு?'

"இன்னும் முடிவு பண்ணலன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அன்னபுஷ்பம் எழுந்து, கட்டிலின் முனையை இடுப்பால் தள்ளினார்.

அதற்குப் பிறகு ஷாலின் கடிதம் எழுதவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, அதே கேள்வியைக் கேட்கிறாள்.

கடைசிக் கடிதம் வந்த நாள்: 2023 டிசம்பர் 2.